சுண்டெலியின் கண் கறுத்தால் மனிதக் கண் தெளியுமா?

மாறன்:
நிட்டிசினோன் என்ற மருந்தைக் கொடுத்ததும் வெளிறிய சுண்டெலிகளின் கண்ணும் மயிரும் நிறம் பெற்றன என்று 2011இல் வந்த ஆய்வை இன்னும் எத்தனை நாள் தூக்கிப் பிடிக்கப் போகிறீர்கள்? அமெரிக்காவில் அல்பினிசம், அதாவது பிறவியிலேயே தோலிலும் முடியிலும் கண்ணிலும் நிறமி குறையும் நிலை, உள்ள ஐந்து பெரியவர்களுக்கு அதே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். முடியும் தோலும் சற்று நிறம் கூடின. கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையமான ஐரிஸில் ஒரு மாற்றமும் இல்லை. விளக்கொளி பட்டால் அதன் வழியே சிவப்பு ஊடுருவித் தெரிவது அப்படியே இருந்தது. எலிக்குப் பலித்தது மனிதனுக்குப் பலிக்கவில்லை. கணக்கு முடிந்தது.

செங்கதிர்:
பாதியைச் சொல்லி மீதியை விழுங்குகிறீர்களே! அந்த ஐவரும் பார்வைப் பலகையில் சராசரியாகச் சில எழுத்துகள் கூடுதலாகப் படித்தார்கள். அந்த எலி ஆய்வே மருந்துக்கு எல்லையும் வகுத்திருந்தது. மருந்து இரத்தத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலத்தைக் கூட்டுகிறது. அதிலிருந்து மெலனின் என்ற நிறமி உருவாக டைரோசினேஸ் நொதி வேண்டும். அந்த நொதி அரைகுறையாக வேலை செய்யும் எலிகளுக்குத்தான் மருந்து உதவியது. நொதிக்குரிய மரபணு முற்றிலும் செயலிழந்த எலிகளுக்கு உதவவில்லை. யாருக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று சொன்னதே எலிதான்.

மாறன்:
ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மாத்திரை பெற்ற குழு இல்லாத சோதனை அது. அதே பலகையைத் திரும்பத் திரும்பப் படிப்பவர் சில எழுத்து கூடுதலாகப் படிப்பது பெரிய அதிசயமா? என் அடிப்படைக் கேள்விக்கு வாருங்கள். அல்பினிசத்தில் பார்வை குறைவதற்கு முக்கியக் காரணம், விழித்திரையின் நடுவே நுட்பப் பார்வைக்கென்று இருக்கும் குழி சரியாக உருவாகாததுதான். சுண்டெலிக்கு அந்தக் குழியே கிடையாது. மனிதக் கண்ணிலிருந்து வரும் நரம்பிழைகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை அதே பக்க மூளைக்குப் போகின்றன. எலியில் நூற்றுக்கு மூன்று போல. இல்லாத உறுப்பின் கோளாற்றை எதில் ஆராய்வது?

செங்கதிர்:
அந்த மூன்றுகூட வெள்ளை எலியில் குறைந்துவிடுகிறது. நிறமி இல்லாவிட்டால் நரம்பிழைகள் வழி மாறுகின்றன என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்? 1990களில் வெள்ளை எலிகளுக்குள் நல்ல டைரோசினேஸ் மரபணுவைச் செலுத்தியபோது நிறத்தோடு நரம்பின் பாதையும் சரியானது. இதை மனிதர்களிடம் செய்து பார்த்திருக்க முடியுமா? ஆய்வகங்களின் வழக்கமான வெள்ளை எலிகள் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே பிழைதான்: டைரோசினேஸின் 103ஆம் இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் செரீன் என்ற இன்னொன்று. இவ்வளவு தெளிவான தொடக்கப்புள்ளி மருத்துவமனை வாசலில் கிடைக்காது. நீலக் கண்ணுக்குக் காரணமான ஓசிஏ2 மரபணுவுக்கு வழிகாட்டியதும் இளஞ்சிவப்புக் கண் எலிதான்.

தேன்மொழி:
நடுவில் வருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். செங்கதிர், நீலக் கண்ணை இதில் இழுக்காதீர்கள். அங்கே ஓசிஏ2 புரதம் பழுதாவதில்லை. அருகிலுள்ள எச்இஆர்சி2 மரபணுவுக்குள் இருக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி மாறி, ஐரிஸின் முன்பகுதியில் நிறமி குறைகிறது. பின்னடுக்கு கறுப்பாகவே இருக்கும், பார்வையும் நன்றாக இருக்கும். இளஞ்சிவப்புக் கண் எலியில் அந்தப் புரதமே கெட்டுப்போகிறது. மாறன், குழி இல்லை என்பது உண்மை. ஆனால் கண்ணை மட்டும் தாக்கும் அல்பினிசத்தில் நிறமித் துகள்கள் பூதாகரமாக வீங்குவதைப் பாருங்கள். அதற்குரிய மரபணுவை நீக்கிய எலியின் கண்ணிலும் அதே வீங்கிய துகள்கள்தான். திசுவுக்குள் நடப்பதை எலி சரியாகக் காட்டுகிறது. பார்வை எவ்வளவு தேறும் என்பதை அதனிடம் கேட்கக் கூடாது.

செங்கதிர்:
பெரியவர்களான பிறகு கொடுத்தது காலம் கடந்த செயல் என்கிறேன். அந்தக் குழி பிறந்த பிறகும் சில ஆண்டுகள் வளர்கிறது. கைக்குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கட்டும். டைரோசினீமியா என்ற பரம்பரை நோயுள்ள குழந்தைகள் இதே மருந்தைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுகிறார்களே.

மாறன்:
அந்தக் குழந்தைகளுக்கு டைரோசின் குறைந்த உணவு கொடுக்கிறார்கள். இரத்தத்தில் டைரோசின் ஏறினால் கண்ணின் முன்படலத்தில் படிகங்கள் சேர்ந்து எரிச்சலும் வலியும் வரும். அல்பினிசத்துக்கோ அதே டைரோசின் ஏறினால்தான் மருந்துக்கு வேலை. பத்தியம் வைத்தால் நிறம் வராது, வைக்காவிட்டால் கண் புண்ணாகும் ஆபத்து. இதற்கு எந்த எலி பதில் வைத்திருக்கிறது?

தேன்மொழி:
அளவைக் கூட்டிக் குறைத்து அதையும் முதலில் எலியில்தான் பார்க்க வேண்டியிருக்கும், மாறன்.