'விடை கொடு எங்கள் நாடே' பாடல் யாருடைய பயணம்?

அண்ணாமார், அக்காமார், ஒரு பாட்டில் சிக்கி நிற்கிறேன். 2002இல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தின் 'விடை கொடு எங்கள் நாடே'. வைரமுத்து எழுதி, ரஹ்மான் இசையில் எம்.எஸ்.விஸ்வநாதனும் மற்றவர்களும் பாடியது. இலங்கையின் வன்னிப் பகுதியில் இருக்கும் மாங்குளத்தில், எங்கள் வாசிகசாலைக் கூட்டத்தில் வரும் ஞாயிறு இதைப் பற்றி நான் பேச வேண்டும்.

படத்துக் கதை மாங்குளத்தைத் தொடுகிறது. ஆனால் பாட்டில் வரும் வீட்டின் வாசலைக் கடல் தெளிக்கிறது. இங்கே ஏது கடல்? ஏ9 வீதியும் காடும்தான். பாட்டில் பனைமரக் காடு என்று வந்ததும் யாழ்ப்பாணம்தான் நினைவுக்கு வருகிறது.

பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன். இணையத்தில் கிடைத்த விளக்கங்கள் எல்லாம் 'அகதிகளின் வலி' என்று முடித்துவிடுகின்றன, அது எனக்கும் தெரியும். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டுக் கிளாலிக் கடல்நீரேரி வழியாக வன்னிக்கு வந்த ஒருவர், அது தங்கள் கதை என்கிறார். அப்புறம் பக்கத்து வீட்டு மாமி, இராமேஸ்வரத்துக்குப் படகேறியவர்களின் பாட்டு என்கிறார். எனக்கு மாமி சொல்வதுதான் கூடப் பொருந்துகிறது, 'நாடே' என்று முழு நாட்டிடமும் அல்லவா விடை கேட்கிறார்கள்?

இந்தப் பாட்டை உள்ளூர் இடப்பெயர்வாக வாசிப்பதா, கடல் கடந்த பயணமாக வாசிப்பதா? பாட்டு வரிகளில் இருந்தே காரணம் காட்டிச் சொல்ல முடியுமா?