எச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோர்ட் வகையறாவுக்குத் ‘திரைவடம்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

எச்டிஎம்ஐ, டிவிஐ, டிஸ்பிளேபோர்ட் மூன்றும் கணினி போன்ற கருவிகளைத் திரையோடு இணைப்பவை. இவற்றுள் எச்டிஎம்ஐ என்பதை ‘உயர் வரையறை பல்லூடக இடைமுகம்’ என்று விரிப்பது எனக்கு ஒப்பவில்லை. வரையறை என்றால் எல்லை, இலக்கணம். படத்தின் நுணுக்கத்தை அது சொல்லாது. ‘உயர்தெளிவு’ என்பதே பொருந்தும். ஆனால் இம்மூன்றும் செந்தரங்களின் (ஸ்டாண்டர்டு) பெயர்கள். அவற்றை ஒலிபெயர்த்தால் போதும். நம்மிடம் இல்லாதது, இவற்றைச் சேர்த்துச் சுட்ட ஒரு பொதுச்சொல்தான்.

‘காணொளி வடம்’ என்ற சொல் 1999-இல் வந்த டிவிஐக்குச் சரி. அந்தச் செந்தரத்தில் ஒலிக்கு இடமே இல்லை. 2002 இறுதியில் வந்த எச்டிஎம்ஐ, டிவிஐயின் சைகை (சிக்னல்) முறையை எடுத்துக்கொண்டு ஒலியையும் சேர்த்தது. அதனால்தான் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு சாதாரண மாற்றி இருந்தாலே படம் வந்துவிடுகிறது. 2006-இல், திரைகளுக்கான செந்தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு வெளியிட்ட டிஸ்பிளேபோர்ட்டின் வழி வேறு. தரவைச் சிறு பொட்டலங்களாக அனுப்புகிறது, 1.2 பதிப்பிலிருந்து, வசதியுள்ள திரைகளை ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடுக்கவும் முடியும். உள்ளே செல்வதை வைத்துப் பெயரிட்டால் ஏதாவது ஒன்று விடுபடும். எல்லாம் திரைக்குப் போகிறவை, ஆகவே ‘திரைவடம்’ என்கிறேன்.

வடத்தைச் செருகும் இடமான போர்ட்டைத் ‘துறை’ என்று எழுதிப் பழகியிருக்கிறோம். இங்கே அது ‘திரைத்துறை’ ஆகி, சினிமாவுக்குப் போய்விடும். ‘திரைவாய்’ என்று வைக்கலாம்.

அப்புறம், ‘எச்டிஎம்ஐ 2.1 வடம்’ என்ற வழக்கை நாம் தமிழில் நுழைய விடவே கூடாது. வடத்தின் மேல் பதிப்பெண் போடக் கூடாது என்பது உரிமம் வழங்கும் அமைப்பின் விதி. வடத்துக்கு உள்ளது வேகப் பிரிவு. 4கே படத்தை நொடிக்கு 60 முறை முழு நிறத்தோடு அனுப்ப, நொடிக்குச் சுமார் 18 ஜிகாபிட் வேண்டும். ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ வடம் அதற்குப் போதும். ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ 48 ஜிகாபிட் வரை தாங்கும். பதிப்பெண்ணை நம்பி வாங்குகிறவர் இந்தப் பிரிவைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்.

‘ஹை ஸ்பீட்’, ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’, ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ என்ற மூன்று பிரிவுகளையும் முறையே ‘உயர்வேகம்’, ‘மிகுவேகம்’, ‘மீவேகம்’ எனலாம். பக்கத்திலேயே பெட்டியில் இருக்கும் பெயரையும் ஒலிபெயர்த்துத் தர வேண்டும். கடையில் தேடுகிறவருக்கு அதுதான் உதவும். ‘மீ’ ஏற்கெனவே மீயுரையில் (ஹைப்பர்டெக்ஸ்ட்) வேறு பொருளில் வருகிறது. குழப்பம் வரும் என்று நினைப்பவர்கள் மாற்றுச்சொல் சொல்லுங்கள்.