ஏற்காடு மலையில் சூடேறிய கார்: இப்போது சூடு இல்லை, மைலேஜும் இல்லை

கேள்வி:
வணக்கம். என்னுடையது 2012ஆம் ஆண்டு பெட்ரோல் கார். இரண்டு மாதத்துக்கு முன் ஏற்காடு ஏறும்போது, இருபது கொண்டை ஊசி வளைவில் பாதியைத் தாண்டியதும், வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. முக்கால் மணி நேரம் ஆறவிட்டுத்தான் மேலே போனோம். பிறகு பட்டறையில் விட்டபோது, மெக்கானிக் "வால்வைக் கழற்றிவிட்டேன், இனி சூடே ஏறாது" என்று போர்த் தண்ணீரை ஊற்றி அனுப்பினார். உண்மைதான், நெடுஞ்சாலையில் முள் கால்வாசியைத் தாண்டுவதில்லை. ஆனால் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் போன வண்டி இப்போது 13தான் போகிறது. பெட்ரோல் எங்கே போகிறது?

பதில் 1:
அவர் கழற்றியது தெர்மோஸ்டாட். தயவுசெய்து உடனே புதியது மாட்டுங்கள். எஞ்சின் ஏறக்குறைய 80, 85 டிகிரிக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது அதன் வேலை. அது இல்லாததால், எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்றே சென்சார் சொல்கிறது. அதை நம்பி எஞ்சினின் கணினியும் பெட்ரோலைக் கூட்டித் தெளிக்கிறது. ஆயில் கெட்டியாகவே இருப்பதால் உராய்வும் அதிகம். எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை (டிப்ஸ்டிக்) முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலையும் மாற்றுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் மலையில் ஏன் சூடேறியது என்பதை இன்னும் யாரும் பார்க்கவில்லையே! ஏசி போட்டதும் மின்விசிறி ஓடுகிறதா? ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே குப்பை அடைத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். போர்த் தண்ணீரை முழுவதும் வடித்துவிடுங்கள். அதிலுள்ள உப்பு குழாய்களுக்குள் படிந்துவிடும். கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), டிஸ்டில்டு வாட்டர் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம். என் கையில் வெந்த தழும்பு இன்னும் இருக்கிறது.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. மின்விசிறி நன்றாக ஓடுகிறது. கண்டென்சரைக் கழற்றியபோதுதான் தெரிந்தது: பின்னால் பூச்சி இறகும் செம்மண்ணும் பஞ்சும் சேர்ந்து கம்பளி போல அப்பியிருந்தன. எஞ்சின் பக்கமிருந்து மெல்லத் தண்ணீர் அடித்துக் கழுவினோம். புதிய தெர்மோஸ்டாட், கூலண்ட், ஆயில் எல்லாம் மாற்றியாகிவிட்டது. இப்போது முள் நடுவில் நிற்கிறது. டேங்கை நிரப்பி அளந்ததில் 15.5 வந்தது. வரும் ஞாயிறு மறுபடியும் ஏற்காடு போகிறோம்.