மே மாச மொட்டை மாடி, எட்டு பேர்: பீர், ஒரு காக்டெயில், பிரியாணி. எங்கெங்கே சொதப்பும்?

மொட்டைமாடி_வாசி:

மே கடைசி சனிக்கிழமை சாயங்காலம் எட்டு பேர் மாடியில கூடுறோம், மயிலாப்பூர் பக்கம். ஆறு பேர் குடிப்பாங்க, ரெண்டு பேர் தொட மாட்டாங்க. முதல்ல பீர், அடுத்து ஏதாவது ஒரே ஒரு காக்டெயில், கூட நெத்திலி வறுவல், கடைசியா கடையில சொல்லி வாங்குற மட்டன் பிரியாணி. கையில இருக்கிறது ஒரு டபுள் டோர் ஃபிரிட்ஜ், ஒரு பெரிய பிளாஸ்டிக் டப். காக்டெயில் குலுக்குற ஷேக்கர் கிடையாது.

பாட்டிலைத் திறந்தா பாதி நுரையா வழியுது, கிளாஸ்ல ஊத்தினா அஞ்சு நிமிஷத்துல சப்புன்னு ஆயிடுது. ரெண்டுக்கும் என்ன காரணம்? காக்டெயில் ஓட்டல் பார்ல வர்ற மாதிரி வராம எலுமிச்சை ஜூஸ்ல ரம்மைக் கொட்டின மாதிரி இருக்கு, எது குறையுது? மறுநாள் ஞாயித்துக்கிழமை வெளியூர் ஆளுங்க ரெண்டு பேரை நல்ல சாப்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும், அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க.

நுரை_நிபுணன்:

வழியிறதுக்குக் காரணம் சூடு. பீர்ல இருக்கிற கேஸ் குளிர்ந்த நிலையில்தான் திரவத்துக்குள்ள அடங்கி இருக்கும். நம்ம ஊர் மே மாசத்துல பாட்டிலைத் தொட்டா மேல ஜில்லுன்னு இருக்கும், நடுவுல இன்னும் 15 டிகிரி இருக்கும். மூடியைத் திறந்ததும் பொங்கிடும். பைக்ல குலுங்கி வந்த பாட்டிலை உடனே திறந்தாலும் இதே கதைதான். வாங்கி வந்ததும் நிமிர்த்தி வெச்சு ரெண்டு மணி நேரமாவது ஆட்டாம விடுங்க.

ஃபிரிட்ஜ்ல 650 மி.லி. பாட்டில் முழுசா குளிர மூணு நாலு மணி நேரம் ஆகும். மத்தியானமே எட்டு பாட்டிலை உள்ள வெச்சா சாப்பாட்டுப் பாத்திரத்தோட சேர்ந்து எல்லாம் சூடாகும். டப்தான் சரி. 10 கிலோ ஐஸ், அது மிதக்கிற அளவுக்கு ஆறேழு லிட்டர் தண்ணி, அரை கிலோ கல்லுப்பு. வெறும் ஐஸ்ல பாட்டிலைச் சொருகினா இடுக்கெல்லாம் காத்துதான் இருக்கும், குளிர் ஏறாது. தண்ணி பாட்டிலை முழுசா சுத்திப் பிடிக்கணும். உப்பு சேர்ந்தா அந்தத் தண்ணி பூஜ்யத்துக்கும் கீழ போகும். 20-25 நிமிஷத்துல பீர் 5 டிகிரி கிட்ட வந்துடும். அப்புறம் அங்கேயே மறந்து விட்டுடாதீங்க, உறைய ஆரம்பிக்கும். குளிர் ஏறினதும் ரெண்டு மக் சாதா தண்ணி ஊத்தினா உப்பு நீர்த்து குளிர் கொஞ்சம் குறையும். டப்பை நேரா தரையில வைக்காதீங்க, ஆறரை மணிக்கும் மாடித் தளம் அனல் கக்கும். ரெண்டு செங்கல், மேல ஒரு பலகை.

சப்புன்னு ஆகுறது கிளாஸ் பிரச்சினை. ஊத்தினதும் கிளாஸோட பக்கச் சுவர்ல முத்து முத்தா குமிழ் ஒட்டிக்கிட்டு நின்னா, அங்க எண்ணெயோ சோப்போ இருக்குன்னு அர்த்தம். நெத்திலி தின்ன கையால கிளாஸோட வாயைப் பிடிச்சாலும் நுரை செத்துடும். முந்தின நாளே சமையல் சோடா ஒரு ஸ்பூன் போட்டு வெந்நீர்ல கழுவி, கம்பித் தட்டுல கவுத்து வைங்க. துணியால துடைக்காதீங்க, துணி எண்ணெயும் நூலும் ஒட்டும். கிளாஸை ஃப்ரீசர்ல வெச்சு வெள்ளைப் பனி படிய எடுக்கிறது பார்க்க அழகு. ஆனா அந்தப் பனி மேல பீர் பட்டதும் கேஸ் எல்லாம் ஒரேயடியா வெளியேறி நுரையாயிடும், கூடவே தண்ணியும் கலக்கும். சாதாரணக் குளிர் போதும். சாய்ச்சு முக்கால் கிளாஸ், நிமிர்த்தி மீதி, மேல ரெண்டு விரல் நுரை.

வாங்கும்போது தயாரிச்ச தேதியைப் பாருங்க, புதுசா இருந்தா நல்லது. பழைய பீர்ல நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை வரும். பச்சை பாட்டில், வெள்ளை பாட்டில் எதையும் மாடி வெயில்ல வைக்காதீங்க. பீருக்குக் கசப்பு தர்ற ஹாப்ஸ் பூவோட கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டா நாத்தம் பிடிக்கிற கந்தகப் பொருளா மாறும். பழுப்புக் கண்ணாடி ஓரளவு காப்பாத்தும், கேன் முழுசா காப்பாத்தும்.

ஒரு கணக்கு மட்டும் எல்லாரும் தெரிஞ்சுக்கணும். 8% ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டில்ல 52 மி.லி. ஆல்கஹால். 42.8% ரம் ஒரு ஸ்மால், அதாவது 30 மி.லி., அதுல 13 மி.லி. கூட இல்ல. ஒரு ஸ்ட்ராங் பாட்டில் நாலு ஸ்மாலுக்குச் சமம். ‘பீர்தானே’ன்னு நினைச்சுக்கிட்டு அடுத்து காக்டெயிலுக்குப் போறவங்கதான் பிரியாணி வர்றதுக்கு முன்னாடியே சாய்வாங்க. நீங்க 5%க்கு உட்பட்ட லாகர் (கடையில சாதாரணமா கிடைக்கிற வெளிர் பீர் வகை) எடுங்க.

கோலிசோடா_குமார்:

இவ்வளவு எதுக்கு தல, ஃப்ரீசர்ல முக்கா மணி நேரம் போட்டா வேலை முடிஞ்சது.

நுரை_நிபுணன்:

ரெண்டு பாட்டிலுக்குச் சரி, அதுவும் போன்ல அலாரம் வெச்சா. எட்டு பாட்டில் ஃப்ரீசர்ல போகாது. பீர் மைனஸ் 2, 3 டிகிரியில உறையும், உறையும்போது விரியும். மூடி பிதுங்கும், இல்லன்னா கண்ணாடி வெடிக்கும். வெடிக்காட்டியும் பாதி உறைஞ்சு உருகின லாகர் கலங்கி, கேஸ் குறைஞ்சு போயிருக்கும்.

கருப்பட்டி_காபி:

காக்டெயில் பக்கம் நான் வரேன். உங்க கிளாஸ்ல குறையறது இனிப்பும் தண்ணியும். எலுமிச்சைப் புளிப்புக்கு ஈடா இனிப்பு இல்லன்னா ரம் தனியா, புளிப்பு தனியா நிக்கும். பார்ல ஐஸோட 12-15 விநாடி குலுக்கும்போது கால் பங்கு தண்ணி கரைஞ்சு சேருது. அந்தத் தண்ணிதான் ரம்மோட எரிச்சலைத் தணிக்குது. வீட்டுல ஐஸ் மேல ரம்மை ஊத்திக் கிளறினா முதல் வாய் எரியும், கடைசி வாய் வெறும் தண்ணி.

மாடிக்கு ஏத்தது டார்க் ரம், கருப்பட்டி, இஞ்சி. ஒருத்தருக்கு ரம் 45 மி.லி., எலுமிச்சைச் சாறு 20, கருப்பட்டிப் பாகு 20, இஞ்சிச் சாறு 5. மொத்தம் 90. ஆறு பேருக்கு ரெண்டு ரவுண்டுன்னா பன்னிரண்டு கிளாஸ்: ரம் 540 (சரியா மூணு குவார்ட்டர்), எலுமிச்சை 240, பாகு 240, இஞ்சி 60. எல்லாத்தையும் ஒரே ஜாடியில கலந்து ஃபிரிட்ஜ்ல வைங்க, ஷேக்கரே வேண்டாம். பரிமாறும்போது ஐஸ் நிறைஞ்ச கிளாஸ்ல 90 கலவை, மேல ஜில்லுன்னு சோடா 90. சோடா வேண்டாம்னு சொல்றவங்களுக்கு 25 மி.லி. ஐஸ் தண்ணியாவது கலந்து கொடுங்க. குலுக்காததால அந்தத் தண்ணி தானா வராது.

பாகுக்கு கருப்பட்டி 200 கிராம், தண்ணி 200 மி.லி., கரையிற வரைக்கும் மட்டும் சூடு. கொதிக்க விட்டா கெட்டியாகி ஜாடி அடியில போய்த் தங்கும். கருப்பட்டியில மணல், ஓலைத்தூசி எல்லாம் இருக்கும். வெள்ளைத் துணியில வடிகட்டி, பத்து நிமிஷம் தெளிய விட்டு மேலாப்புல ஊத்துங்க, அடியில நிக்கிற கால் அங்குலத்தைத் தொடாதீங்க. இஞ்சியைத் துருவிப் பிழிஞ்ச சாறும் அப்படித்தான், வெள்ளை மாவு அடியில தங்கும். அதை விட்டுடுங்க, இல்லன்னா கிளாஸ் கலங்கலா இருக்கும்.

காக்டெயிலுக்கு மட்டும் எலுமிச்சை பதினாறு வாங்குங்க, ஒண்ணுக்கு 15-20 மி.லி. வரும். தோல் நசுங்க முறுக்கிப் பிழியாதீங்க, வெள்ளைத் தோலோட கசப்பு இறங்கிடும். சாயங்காலம் நாலு மணிக்குப் பிழிஞ்சா போதும், காலையில பிழிஞ்ச சாறு ராத்திரிக்குள்ள மங்கிடும். மீதி கலவை முந்தின நாளே தயாரா இருக்கலாம்.

ஐஸ் விஷயத்துல நம்ம வீடுகள்ல ஒரு பெரிய குறை, ஃப்ரீசர் வாடை. மீன் பொட்டலத்துக்குப் பக்கத்துல திறந்த ட்ரேல உறைஞ்ச ஐஸ் ரம்முக்கே மீன் வாசனை கொடுக்கும். மூடி போட்ட டிபன் டப்பாவுல கேன் தண்ணியை உறைய வெச்சு, பெரிய கட்டியா உடைச்சுப் போடுங்க. பெரிய கட்டி மெதுவா கரையும். டப்புக்குக் கடையில வாங்குற பாளம் ஐஸ் பாட்டிலைக் குளிர வைக்க மட்டும். அதை கிளாஸ்ல போட்டீங்கன்னா ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக் கேள்வியே எழாது.

குடிக்காத ரெண்டு பேருக்கு செவன் அப்பை நீட்டாதீங்க, ப்ளீஸ். நன்னாரி சர்பத் 25, எலுமிச்சை 15, ஒரு சிட்டிகை உப்பு, கோலி சோடா 150, அதே உயரமான கிளாஸ்ல. பன்னீர் சோடாவுல செய்றதா இருந்தா சர்பத்தைப் பாதியாக் குறைங்க, அந்த சோடாவே இனிப்பு.

காசிமேடு_காத்து:

தேதியைக் கவனிச்சீங்களா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. வஞ்சிரம் கேட்டா யானை விலை, இல்லன்னா ஐஸ் பெட்டியில பல நாள் கிடந்தது. நீங்க நெத்திலின்னு முடிவு பண்ணது நல்லது. நாட்டுப் படகு, ஃபைபர் படகு போய்க்கிட்டுதான் இருக்கும், சின்ன மீன் கிடைக்கும். விடியக்காலையில போங்க. வயிறு உடையாம, கண் கலங்காம, வெள்ளியா மின்னணும்.

எட்டு பேருக்கு சுத்தம் பண்ணது ஒரு கிலோ. மிளகாய்த்தூள் 4 டீஸ்பூன், மஞ்சள் 1, இஞ்சி பூண்டு விழுது 2 டேபிள்ஸ்பூன், அரிசி மாவு 4 டேபிள்ஸ்பூன், சோள மாவு 2, உப்பு, ஒரு எலுமிச்சைச் சாறு. கழுவின மீன்ல தண்ணி துளி இருக்கக்கூடாது, பழைய பேப்பர்ல பரப்பி ஒத்தி எடுங்க. ஈரம் இருந்தா மசாலா எண்ணெயில பிரிஞ்சு கருகும், மீன் வெளுத்து நிக்கும். எலுமிச்சை போட்டு 20 நிமிஷத்துக்கு மேல ஊற விட்டா சதை குழையும். ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடி மட்டும், எண்ணெய் நல்லா காஞ்சு இருக்கணும், மூணு நிமிஷம். சலசலப்பு அடங்கினா எடுத்துடுங்க. மொத்தமா பொரிச்சு மூடி வெச்சா பத்து நிமிஷத்துல தொளதொளன்னு ஆயிடும். மாடிக்கு ஒரு அடுப்பைக் கொண்டு போங்க, இல்லன்னா ஒருத்தர் கீழயே நிக்கணும்.

காரத்தைத் தணிக்க பீர் உதவும்னு நினைக்கிறது தப்பு. மிளகாய்க் காரம் தண்ணியில கரையாது, பீர்ல பெரும்பகுதி தண்ணிதான். கேஸ் வேற நாக்கைக் குத்தி எரிச்சலைக் கூட்டும். கசப்பு ஜாஸ்தியான ஐ.பி.ஏ. வகை பீர் வந்தா இன்னும் மோசம். லாகர் பொரிச்ச எண்ணெயை வாய்லேர்ந்து வழிச்சு எடுக்கும், அந்த வேலைக்குத்தான் அது. காரம் தாங்காதவங்களுக்கு வீட் பீர் (கோதுமை பீர்) கொடுங்க, கசப்பு கம்மி. பாட்டில்ல கடைசி அஞ்சுல ஒரு பங்கைச் சுழட்டி ஊத்தினா அடியில தங்கின ஈஸ்டும் சேரும்.

பிரியாணி: ஒரு கிலோ அரிசி போட்டது எட்டு பேருக்குத் தாராளம், வறுவல் தின்னவங்க நிறைய சாப்பிட மாட்டாங்க. சீரக சம்பாவா கேளுங்க, ஆறினாலும் உதிரியா இருக்கும். எட்டு மணிக்குச் சாப்பாடுன்னா ஏழே முக்காலுக்கு வரணும். ரெண்டு மணி நேரம் பக்கெட்ல மூடிக் கிடந்தா ஆவி இறங்கி அடி சோறு களியாகும். கரண்டியால கிளறாம தட்டை வெச்சு ஓரத்துலேர்ந்து அள்ளுங்க. வெங்காயத் தயிர்ல உப்பு கடைசி நிமிஷம்.

மொட்டைமாடி_வாசி:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு சந்தேகம். சரக்கை பாண்டியிலேர்ந்து எடுத்துட்டு வரலாமான்னு ஒருத்தன் கேக்குறான். அப்புறம் ராத்திரி எல்லாரும் வண்டியிலதான் வர்றோம்னு சொல்றாங்க.

நுரை_நிபுணன்:

பாண்டி வேண்டாம். பர்மிட் இல்லாத வெளி மாநிலச் சரக்கு குற்றம், ஈ.சி.ஆர்ல சோதனைச் சாவடி இருக்கு. டாஸ்மாக் பகல் 12 முதல் ராத்திரி 10 வரை, எலைட் கடையில பீர் வகை கொஞ்சம் கூடுதலா இருக்கும். வெள்ளிக்கிழமையே வாங்கிடுங்க.

வண்டி விஷயம்: 100 மி.லி. ரத்தத்துல 30 மில்லி கிராம்தான் வரம்பு. முதல் தடவை மாட்டினா 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறை, ரெண்டும் சேர்ந்தும் வரலாம். உங்க மெனுவுல ஒரு லாகரும் ரெண்டு கருப்பட்டி ரம்மும் சேர்ந்தா ஏறக்குறைய அஞ்சரை ஸ்மால். ‘ரெண்டு மணி நேரம் கழிச்சுப் போறேன்’னு சொல்றதெல்லாம் இங்க எடுபடாது. ஆட்டோ, இல்லன்னா குடிக்காத அந்த ரெண்டு பேர் ஓட்டட்டும்.

திருவல்லிக்கேணி_தட்டு:

ஞாயிறு பற்றி யாரும் சொல்லவில்லை. முந்தின இரவு ரம்மும் பிரியாணியும் என்றால் காலையில் நாக்குக்கு நுணுக்கம் பிடிபடாது. அதனால் காலைக்கு எளிமை: திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் சாம்பார் இட்லி. 1948லிருந்து இருக்கும் கடை. இட்லி மூழ்கும்படி ஜக்கில் கொண்டுவந்து ஊற்றுவார்கள். உட்கார்ந்ததும் பிய்க்காமல் ஒரு நிமிடம் ஊற விடச் சொல்லுங்கள். திரும்பும் வழியில் மயிலாப்பூர் காளத்தி கடையில் ரோஸ் மில்க்.

இரவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டுமென்றால் கிண்டி ஐடிசி கிராண்ட் சோழாவில் உள்ள ஆவர்தனா. தென்னிந்தியச் சுவைகளைச் சின்னச் சின்ன வரிசையாகத் தரும் இடம். 7 வகை முதல் 13 வகை வரை மெனு உண்டு. உங்கள் நிலைமைக்கு 7 போதும், 13 எடுத்தால் ஒன்பதாவதில் களைத்துவிடுவார்கள். தெளிந்த தக்காளி ரசம் அங்கே கண்ணாடிக் கிளாஸில் வரும், அதற்கு முன் காரமான எதையும் வாயில் வைத்திருக்க வேண்டாம். மாலை நாலு மணிக்கு மேல் பஜ்ஜி, சுண்டல் எதுவும் கூடாது. கடற்கரைப் பக்கம் கூட்டிப் போனீர்களென்றால் அதைத்தான் வாங்கித் தின்பார்கள். முன்பதிவு செய்யும்போதே ஒவ்வாமை, சைவம் அசைவம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். விருந்தாளிக்கு அன்றிரவே ரயிலோ விமானமோ இருந்தால் இதை மதியத்துக்கு மாற்ற முடியுமா என்று முதலில் ஓட்டலில் கேளுங்கள்.

கோலிசோடா_குமார்:

தல, கிளாஸுக்கு ஐஸ் எவ்வளவு வேணும்னு யாருமே சொல்லலியே?

கருப்பட்டி_காபி:

நல்ல கேள்வி. காக்டெயில் பன்னிரண்டு, நன்னாரி நாலு. கிளாஸுக்கு 150 கிராம் வெச்சா 2.4 கிலோ, உருகிப் போறதுக்கும் சேர்த்து நாலு கிலோ. ஒரு டிபன் டப்பா முழுசா உறைய ஒரு ராத்திரி பிடிக்கும். புதன்கிழமையே ஆரம்பிச்சு, உறைஞ்சதை ஜிப் கவர்ல போட்டுச் சேர்த்துக்கிட்டே வாங்க. ஃப்ரீசர்ல இருக்கிற மீனை அன்னைக்கே குழம்பு வெச்சுடுங்க.