‘மிகைமினுக்கல்’ வேண்டாம், ‘படபடப்பு’ இருக்கட்டும்: இண்டிகேட்டர் வேகமாக அடிப்பதற்கு ஒரு சொல்

வணக்கம். இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக அடிப்பதை ஆங்கிலத்தில் ‘ஹைப்பர்ஃபிளாஷ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் மடலாடலில் வந்த சில கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘மிகைமினுக்கல்’ போதுமே. பொருள் நேராக வருகிறது. இதற்குமேல் ஏன் தேட வேண்டும்?

ஐயா, பொருள் நேராக வருவது ‘ஹைப்பர்ஃபிளாஷ்’ என்ற சொல்லை முன்பே அறிந்தவருக்குத்தான். ‘ஹைப்பர்’ இருந்த இடத்தில் ‘மிகை’, ‘ஃபிளாஷ்’ இருந்த இடத்தில் ‘மினுக்கல்’ என்று எடுத்து வைத்திருக்கிறோம். மூலச்சொல் தெரியாத ஒருவர் காதில் ‘மிகைமினுக்கல்’ விழுந்தால், யாரோ அளவுக்கு மீறி அலங்கரித்துக்கொண்டதாகத்தான் நினைப்பார். மினுக்குவது என்றால் நம் பேச்சில் அதுதானே.

சொல்லை விட்டுவிட்டு முதலில் பொருளைப் பார்ப்போம். போன மாதம் என் பழைய காரில் பின்பக்க இண்டிகேட்டர் பல்புகள் இரண்டையும் எல்.இ.டி-யாக மாற்றினேன். அன்று மாலையே வலப்பக்கம் போட்டாலும் இடப்பக்கம் போட்டாலும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் அடிக்கத் தொடங்கியது. எலெக்ட்ரீஷியன் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. சத்தத்தைக் கேட்டுவிட்டு, “லோடு பத்தல சார்” என்றார். லோடு, அதாவது சுமை என்பது பல்புகள் இழுக்கும் மின்னோட்டம். அந்த மூன்று சொற்களில் முழு விளக்கமும் இருக்கிறது.

பழைய இழை பல்பு 21 வாட். 12 வோல்ட்டில் அது ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். முன்னும் பின்னும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 3.5 ஆம்பியர். இண்டிகேட்டரைச் சிமிட்டவைக்கும் சிறு பெட்டிதான் ஃபிளாஷர் ரிலே. அதற்குள் ஒரு மிகச் சிறிய மின்தடை இருக்கிறது. ஓடும் மின்னோட்டம் அதில் உண்டாக்கும் மின்னழுத்த வேறுபாட்டை உள்ளிருக்கும் சில்லு (சிப்) அளந்துகொண்டே இருக்கும். ஒரு பல்பு எரிந்துபோனால் மின்னோட்டம் பாதியாகும்; சில்லு உடனே சிமிட்டும் வேகத்தை இரட்டிப்பாக்கிவிடும். நான் மாட்டிய எல்.இ.டி மூன்று வாட், அதாவது கால் ஆம்பியர். ரிலேயின் கணக்கில் அது எரிந்துபோன பல்புதான்.

ஆகவே இது கோளாறு அல்ல, கோளாறு இருப்பதாக வண்டி ஓட்டுநருக்குச் சொல்லும் செய்தி. ஐ.நா. வாகன ஒழுங்குவிதி 48 இண்டிகேட்டருக்கு நிமிடத்துக்கு 90 சிமிட்டல் என்று வகுத்திருக்கிறது. 30 கூடலாம், 30 குறையலாம். விளக்கு பழுதானால் டாஷ்போர்டில் உள்ள அடையாள விளக்கு அணைந்துவிட வேண்டும், அல்லது சிமிட்டாமல் எரிய வேண்டும், அல்லது அதன் வேகம் தெளிவாக மாற வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. நாம் பெயர் தேடுவது அந்த மூன்றாவது வழிக்கு. ‘மிகை’ வேகத்தை மட்டும் சொல்கிறது. ஏதோ சரியில்லை என்பதைச் சொல்லவில்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

> ‘சுமைக்குறைச் சிமிட்டல்’ என்றால் காரணமும் பெயரிலேயே வந்துவிடுமே?

வரும், அம்மா. அதனால்தான் தயங்குகிறேன். காய்ச்சல் என்ற சொல் உடம்பு காய்வதை மட்டும் சொல்கிறது. ஏன் காய்கிறது என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்கிறார். இங்கேயும் காரணம் பல. பல்பு எரிந்திருக்கலாம், ஹோல்டரில் துரு ஏறியிருக்கலாம், எர்த் ஒயர் தளர்ந்திருக்கலாம், 21 வாட் இடத்தில் 10 வாட் பல்பை யாராவது மாட்டியிருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் வேகமாக அடித்தால் முதலில் அந்தப் பக்கப் பல்புகளையும் எர்த்தையும் பார்க்க வேண்டும். இந்தத் தேடல் முழுவதும் நடந்து முடிந்த பிறகே தெரியவரும் காரணத்தைப் பெயரிலேயே முன்கூட்டி எழுதிவிட்டால், தேடுபவருக்கு உதவாது. அதோடு, பட்டறையில் ஒருவர் வாய்திறந்து சொல்லும் நீளத்திலும் அது இல்லை.

‘துடிப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் மனம் அங்கேயே நின்றுவிட்டது. கண்ணைச் சிமிட்டுவது நாமாகச் செய்வது. கண் துடிப்பது நம்மை மீறி நடப்பது. இடக்கண் துடிக்கிறதா, வலக்கண் துடிக்கிறதா என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இண்டிகேட்டரின் ஒரு பக்கம் துடிப்பது எவ்வளவு பொருத்தம்! ஆனாலும் விட்டுவிடத்தான் வேண்டும். மின்னணுவியலில் ‘பல்ஸ்’ என்பதற்குத் துடிப்பு ஏற்கெனவே நிலைபெற்ற சொல். எல்.இ.டி-யின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதே பெரும்பாலும் அந்தத் துடிப்புகளின் அகலத்தை மாற்றித்தான். ஒரே கட்டுரையில் இரண்டு பொருளில் அது வந்தால் படிப்பவர் திணறிப்போவார்.

‘விரைசிமிட்டல்’ இலக்கணப்படி அழகானது. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை; நடுவில் ‘ச்’ மிகாது. ஆனால் ‘விரைச்சிமிட்டல்’ என்றுதான் பலரும் எழுதுவார்கள், அப்போது ‘விரை’ விதையாகிவிடும், விரைவீக்கத்தில் வரும் விரையாகவும் ஆகிவிடும்.

என் முன்மொழிவு ‘படபடப்பு’. சிறப்புப்படுத்த வேண்டிய இடத்தில் ‘சிமிட்டுப் படபடப்பு’. வேகமும் இருக்கிறது, இயல்பு கெட்டிருக்கிறது என்ற குறிப்பும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக இதற்கு வினை உண்டு. “இண்டிகேட்டர் படபடக்குது, என்னன்னு பாருங்க” என்று நாளைக்கே ஒருவர் சொல்லலாம், கேட்பவருக்கும் விளக்கம் தேவைப்படாது. மிகைமினுக்கலை அப்படி வினையாக்கிப் பாருங்கள், வாயில் நிற்காது. நெஞ்சுப் படபடப்பு என்று மருத்துவத்தில் இருக்கிறதே என்பவர்களுக்கு: அதுவும் ஓர் அறிகுறியின் பெயர்தான், இதுவும் அப்படித்தான். இதயத்தையும் இண்டிகேட்டரையும் ஒரே பத்தியில் வைத்துக் குழம்ப இடமில்லை. எல்.இ.டி-யின் வெளிச்சம் நிலையில்லாமல் அதிர்வதை இதனோடு சேர்க்காமல் ‘நடுக்கம்’ என்று தனியே வைத்துக்கொள்ளலாம்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. படபடப்பை நிறுத்த எல்.இ.டி-க்கு இணையாக 6 ஓம், 50 வாட் மின்தடை ஒன்றைக் கோர்ப்பார்கள். 12 வோல்ட்டில் அது 2 ஆம்பியர் இழுத்து, பழைய பல்பு இன்னும் இருப்பதாக ரிலேயை நம்பவைக்கும். இதைப் ‘பொய்ச்சுமை’ என்று சொல்ல விரும்புகிறேன். பொய்க்கால் குதிரை நமக்குப் பழகியதுதானே. 24 வாட்டும் வெப்பமாகவே வெளியேறும் என்பதால் வண்டியின் இரும்புத் தகட்டில் திருகி இறுக்க வேண்டும், பிளாஸ்டிக்கிலோ ஒயர் கட்டிலோ பட விடக்கூடாது. பெயரில் ‘பொய்’ இருப்பது எனக்கு முக்கியம். இதை மாட்டியபின் எல்.இ.டி உண்மையிலேயே செத்துப்போனாலும் இண்டிகேட்டர் படபடக்காது, ஓட்டுநருக்குச் செய்தி வராது. எல்.இ.டி-க்கென்றே விற்கும் ரிலேயாக மாற்றினாலும் பெரும்பாலும் இதே நிலைதான், வெப்பத் தொல்லை மட்டும் இருக்காது. நான் ரிலேயைத்தான் மாற்றினேன். வாரத்துக்கு ஒருமுறை நாலு பக்கமும் போட்டு வண்டியைச் சுற்றி வந்து பார்த்துக்கொள்கிறேன். ரிலேயே இல்லாமல் கணினிப் பெட்டி சிமிட்டவைக்கும் புதிய வண்டிகளில் இந்த மாற்றத்துக்கு வழியில்லை. அங்கே பொய்ச்சுமை, அல்லது சில வண்டிகளில் பெட்டியின் அமைப்பையே மாற்றி எழுதுவது.

ஃபிளாஷர் ரிலேக்குச் ‘சிமிட்டி’ என்று எழுதலாமா? ரிலேக்குப் பொதுவாக என்ன சொல் என்பது முடிவாகாததால் அதை மட்டும் தொடாமல் விடுகிறேன். அடுத்த மடலில் யாராவது தொடங்குங்கள்.

அன்புடன்.