டப்ளினுக்கு மனைவி, பாப்பாவுக்கு டிக்கெட்: பாரிஸ் வழியா போடலாமா? அவசரம்

திருச்சி2டப்ளின்: எல்லாருக்கும் வணக்கம். நான் டப்ளின் வந்து நாலு மாசம் ஆச்சு. வீட்டம்மாவுக்கும் பாப்பாவுக்கும் விசா கைக்கு வந்துடுச்சு. ஒரு சைட்டுல சென்னை-பாரிஸ்-டப்ளின் காட்டுது, மத்த எல்லாத்தையும் விட 22,000 ரூபாய் கம்மி. பாரிஸ்ல அஞ்சு மணி நேரம் கேப் இருக்கு. "இந்த விலையில் இன்னும் 3 சீட்"னு சிவப்பு எழுத்துல பயமுறுத்துது. வீட்டு டெபாசிட் கட்டி அக்கவுண்ட்டே தொடச்சு வச்ச மாதிரி இருக்கு. இன்னைக்கு ராத்திரிக்குள்ள போட்டாகணும். போடலாமா?

லிஃபிக்கரை: செவ்வாய்க்கிழமை ராத்திரி பாருங்க ப்ரோ, விலை இறங்கும். நான் எப்பவும் அப்படித்தான் போடுவேன்.

கணக்குப்பிள்ளை: செவ்வாயாவது வெள்ளியாவது. டிக்கெட் போடற கிழமையில ஒண்ணும் இல்லைங்க, பறக்கற தேதியிலதான் எல்லாம். டிசம்பர் பாதியிலிருந்து பொங்கல் வரைக்கும் கை வைக்க முடியாது. இங்க ஜூன், ஜூலை ஸ்கூல் லீவும் அப்படித்தான். ஜனவரி கடைசி, பிப்ரவரின்னா மூச்சு விடலாம். எந்த மாசம்னே சொல்லலையே நீங்க?

கார்க்அக்கா: தம்பி, டிக்கெட்டை விடு, நான் வந்த கதையைக் கேளு. ஜனவரி மாசம், கையில ஒன்றரை வயசுப் பையன், ரெண்டு பெட்டி, ஒரு குக்கர். டப்ளின் ஏர்போர்ட்டுக்கு ரயிலே கிடையாதுன்னு எனக்கு யாரும் சொல்லல. வெளிய வந்து "ரயில்வே ஸ்டேஷன் எங்க"ன்னு கேட்டா, அந்த ஆள் சிரிக்கிறான். மழையில பஸ்ஸுக்கு நின்னு, கார்க் வந்து சேரும்போது பையனுக்குக் காய்ச்சல். மூணு மாசம் அழுதேன். உன் வீட்டம்மாவை மழைக்கோட்டைக் கையிலயே வச்சுக்கச் சொல்லு. குடை வேண்டாம், இந்த ஊர்க் காத்துக்கு அது தாங்காது.

யாழ்டப்ளின்: நான் 2003இல வந்தனான். அப்ப வளைகுடாவில இருந்து டப்ளினுக்கு நேர விமானமே இல்லை. லண்டனில இறங்கி, பஸ் பிடிச்சு, வேல்ஸ் கரையில இருக்கிற ஹோலிஹெட் துறைமுகத்தில கப்பல் ஏறித்தான் வந்தனாங்கள். இப்ப துபாய், தோஹா, அபுதாபி மூண்டில இருந்தும் நேர வருது, பிறகும் பிள்ளைகள் புறுபுறுக்குதுகள்.

லிஃபிக்கரை: அண்ணா, அப்போ வாடகை என்னன்னும் சொல்லுங்களேன். 😀 வயித்தெரிச்சல் தாங்கல.

வந்தேறி: முதல்ல ஒண்ணு கேட்கிறேன், வீடு கிடைச்சுதா? வீடே கிடைக்காம குடும்பத்தைக் கூட்டிட்டு வந்து ஹோட்டல்ல வச்சு மாசச் சம்பளத்தைத் தொலைச்சவங்க இங்க நிறைய பேர். நானும் ஒருத்தன்.

திருச்சி2டப்ளின்: வீடு கிடைச்சிடுச்சு சார். ஸ்வார்ட்ஸ்ல ஒரு பெட்ரூம். தயவுசெஞ்சு யாராவது டிக்கெட் பத்திச் சொல்லுங்க. 3 சீட் இப்போ 2 ஆயிடுச்சு.

கார்க்அக்கா: ஸ்வார்ட்ஸா, ஏர்போர்ட் பக்கந்தான், கொடுத்து வச்சவன். நெய், பால்கோவா, கருவாடு...

கணக்குப்பிள்ளை: அக்கா, நெய்யும் பால்கோவாவும் கூடாது. ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருள் எதையும் பயணிகள் கொண்டுவரக் கூடாது. கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் இல்லாம அனுமதி கிடையாது.

கார்க்அக்கா: அப்போ நான் கொண்டு வந்தது கணக்குல வராதா? சரி, அழிச்சிடுறேன் இதை.

வந்தேறி: கடையில வாடிப்போன நாலு கொத்து கறிவேப்பிலைக்கு அவன் சொல்ற விலை இருக்கே... அதைப் பத்தித் தனியா ஒரு இழை போடணும்.

கவுண்டர்க்காரி: கறிவேப்பிலையை அப்புறம் பேசலாம். நான் சென்னை ஏர்போர்ட் செக்-இன் கவுண்டர்ல ஒன்பது வருஷம் இருந்தவள். தம்பி, பணம் கட்டாதீங்க. நாலு விஷயம் சொல்லுங்க: மொத்தமும் ஒரே பிஎன்ஆரா (புக்கிங் நம்பர்), ரெண்டா? பாரிஸ்ல இறங்கற ஏர்போர்ட்டுக்கும் ஏறற ஏர்போர்ட்டுக்கும் மூணெழுத்துக் கோடு என்ன? ஐரிஷ் விசா மட்டுமா, ஷெங்கனும் (பிரான்ஸ் மாதிரி பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) இருக்கா? பாப்பா பிறந்த தேதி, பயணத் தேதி?

திருச்சி2டப்ளின்: ரெண்டு பிஎன்ஆர்னு கீழ சின்ன எழுத்துல இருக்கு. "செல்ஃப் டிரான்ஸ்ஃபர்"னும் போட்டிருக்கு. இறங்கறது சிடிஜி, ஏறறது பிவிஏ. ஐரிஷ் விசா மட்டும்தான். பயணம் பிப்ரவரி 14. பாப்பாவுக்கு பிப்ரவரி 9 அன்னைக்கு ரெண்டு வயசு முடியுது. இன்ஃபன்ட்னு (ரெண்டு வயசுக்குள்ள, மடியில வச்சுக்கிற குழந்தை) போட்டுத்தான் விலை பார்த்தேன்.

கவுண்டர்க்காரி: நினைச்சேன். சிடிஜி சார்ல் த கோல். பிவிஏ போவே, பாரிஸ்ல இருந்து 80 கிலோமீட்டருக்கு மேல வடக்க. பேருக்குத்தான் பாரிஸ். அந்தம்மா குழந்தையோட பெட்டியை எடுத்துக்கிட்டு, இமிக்ரேஷன் தாண்டி வெளிய வந்து, பஸ் பிடிச்சு, அங்க மறுபடி செக்-இன் பண்ணணும். வெளிய வரவே ஷெங்கன் விசா வேணும். அயர்லாந்து யூனியன்ல இருக்கு, ஷெங்கன்ல இல்ல. ஐரிஷ் விசாவைக் காட்டி பிரான்ஸுக்குள்ள நுழைய முடியாது.

அது வரைக்கும் போகவே மாட்டாங்க. முதல் டிக்கெட் பாரிஸோட முடியுது, அதனால சென்னை கவுண்டர்லயே ஷெங்கன் கேட்பாங்க. இல்லைன்னா போர்டிங் பாஸ் கிடையாது. ரெண்டு டிக்கெட் காசும் போனதுதான். ராத்திரி ரெண்டு மணிக்கு எத்தனை பேர் அழுது பார்த்திருக்கேன் தெரியுமா.

பாப்பா விஷயம்: வயசைப் பயணத் தேதியிலதான் பார்ப்பாங்க. 14ஆம் தேதி அவ இன்ஃபன்ட் இல்ல, தனி சீட் எடுக்கணும். மடியில வச்சுக்கிற டிக்கெட் சுமார் பத்துல ஒரு பங்குதான் வரும், சீட்டுன்னா முக்கால் டிக்கெட்டுக்கு மேலயே போகும். 8ஆம் தேதிக்குள்ள பறக்க முடியுமான்னு பாருங்க. உங்க 22,000 அங்கயே வந்துடும்.

லிஃபிக்கரை: ஆனா அக்கா, லண்டன் வழியா ஒரே டிக்கெட்டா போட்டா?

கவுண்டர்க்காரி: போடலாம், ஆனா டிரான்சிட் விசா வேணுமான்னு பிரிட்டிஷ் அரசு தளத்துல பார்த்துட்டுப் போடணும். குழந்தையோட தனியா வர்ற பொண்ணுக்கு நான் வளைகுடா வழிதான் சொல்வேன். ஒரே பிஎன்ஆர்ல போட்டா பெட்டிக்கு டப்ளின் வரைக்கும் டேக் போட்டுடுவாங்க, முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததுல ஏத்தி விடறது அவங்க பொறுப்பு. அந்த "3 சீட்"டை நம்பி ஓடாதீங்க. சைட்டுல விலை பார்த்துட்டு ஏர்லைன் தளத்துலயே போடுங்க, ஏதாவது மாத்தணும்னா நடுவுல ஏஜென்ட் தொல்லை இருக்காது.

யாழ்டப்ளின்: கலியாணச் சான்றிதழ் மூலப்பிரதி, உங்கட ஐஆர்பி (இங்க தங்கிறதுக்கான அனுமதி) அட்டைப் பிரதி, வேலைப் பெர்மிட் பிரதி எல்லாம் கைப்பையில இருக்கட்டும். டப்ளின் இமிக்ரேஷனில கேப்பினம். பெட்டிக்குள்ள வச்சிட்டு முழிச்ச ஆக்களை எனக்குத் தெரியும். வந்து 90 நாளுக்குள்ள மனுசிக்குப் பதிவு செய்யவேணும், பிள்ளைக்குத் தேவையில்லை.

திருச்சி2டப்ளின்: எல்லாருக்கும் நன்றி. தோஹா வழியா, பிப்ரவரி 6, ஒரே பிஎன்ஆர். பாப்பா இன்ஃபன்ட்தான். பாரிஸ் விலையை விட 4,000தான் கூட. கடைசியா ஒண்ணு: விமானம் சென்னையில விடியக்காலை. திருச்சியிலிருந்து முதல் நாள் ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல வந்தா சரியா இருக்குமா?

கவுண்டர்க்காரி: அது சென்னை வந்து சேரும்போதே விடியக்காலை ஆயிடும் தம்பி! அதுக்கும் முதல் நாள் ராத்திரி ஏறச் சொல்லுங்க. பகல் பூரா சொந்தக்காரங்க வீட்டுல இருந்துட்டு, ராத்திரி சாப்பிட்டு ஏர்போர்ட் போகட்டும்.