யாழினி தொட்டிக்கு எந்த மீன்?

வாட்ஸ்அப் குழு: தாத்தா வீட்டுச் சொந்தங்கள்

சனிக்கிழமை மாலை

கவிதா: சித்தப்பா, யாழினி பிறந்தநாளுக்கு மீன் தொட்டி வாங்கிவிட்டோம். 2 அடி நீளம், அகலமும் உயரமும் 1 அடி. நாளைக் காலை கொளத்தூர் போய் மீன் வாங்கலாம் என்று இருக்கிறோம். போன வாரம் பார்த்து வைத்தவை: ஏஞ்சல் 2, நியான் டெட்ரா 10, டைகர் பார்ப் 4, கப்பி 6, நீல ஃபைட்டர் 1, கோல்ட்ஃபிஷ் 2, பாசி தின்ன ஒரு சக்கர். எல்லாம் ஒன்றாக இருக்கும் என்று கடையில் சொன்னார்கள். சரிதானே?

செல்வம் சித்தப்பா: நாளைக்கு ஒரு மீன்கூட வாங்காதே கவிதா. தொட்டியில் தண்ணீர் விட்டு எத்தனை நாள் ஆகிறது?

கவிதா: இன்று மதியம்தான்.

செல்வம் சித்தப்பா: நினைத்தேன். அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் அந்தப் பட்டியல். இதையெல்லாம் ஒரே தொட்டியில் போட்டால் சில மாதத்தில் ஏஞ்சலும் சக்கரும்தான் மிஞ்சும். பிள்ளை தினம் ஒன்றை எடுத்துப் புதைத்துக்கொண்டு இருப்பாள்.

பிரபு: ஏஞ்சல் அவ்வளவு சாதுவாக இருக்குமே சித்தப்பா?

செல்வம் சித்தப்பா: கடையில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் இருக்கும்போது சாதுதான். வளர்ந்தால் உள்ளங்கை அளவு வரும், 15 செ.மீ. நான் வளர்க்க ஆரம்பித்த புதிதில் இதே தப்பைச் செய்தேன். 10 நியான், 2 ஏஞ்சல். நாலைந்து மாதம் எல்லாம் ஒற்றுமையாக இருந்தது. அப்புறம் நியான் ஒவ்வொன்றாகக் குறைந்தது. செத்த மீனும் கிடைக்கவில்லை, தொட்டிக்கு வெளியே குதித்ததாகவும் தெரியவில்லை. ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நியான் ராத்திரியில் நிறம் வெளுத்து, நீலக்கோடு மங்கி, மூலையில் அசையாமல் நிற்கும். ஏஞ்சலின் வாயோரம் வெளுத்த வால் நுனி ஒன்று தெரிந்தது. ஏஞ்சல் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வாயில் நுழைகிற மீன் அதற்கு இரை. பக்கத்தில் கொண்டுபோய் விட்டவன் நான்.

மீனாட்சி அத்தை: ஐயோ பாவம். செல்வம், நீ அன்றைக்கு என்னிடம் சொல்லவே இல்லையே.

செல்வம் சித்தப்பா: சொல்ல மனசு வரவில்லை அக்கா.

கவிதா: சரி சித்தப்பா, ஏஞ்சல் வேண்டாம். மற்றது?

செல்வம் சித்தப்பா: டைகர் பார்ப் கூட்டமாக வாழ்கிற மீன். எட்டு பத்து இருந்தால் தங்களுக்குள் துரத்திக்கொண்டு பொழுது போக்கும். நாலே நாலு விட்டால் அடுத்தவர் வாலைப் பிடுங்கும். கப்பியின் வால் ஒரே வாரத்தில் பல் உடைந்த சீப்பு மாதிரி ஆகிவிடும். கிழிந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும், அப்புறம் மீன் பிழைப்பது கஷ்டம்.

கோல்ட்ஃபிஷ் குளிர்ச்சியான தண்ணீர் கேட்கும். நம் ஊர் மே மாதத் தொட்டி அதற்கு ஆகாது. நிறையக் கழிவும் போடும். சாதாரணக் கோல்ட்ஃபிஷ் முழுதாக வளர்ந்தால் உன் தொட்டியில் திரும்பவே இடம் இருக்காது.

யாழினி: சின்னத் தாத்தா, நான் யாழினி. அம்மா போனில் அனுப்புகிறேன். நீல ஃபைட்டர் மட்டும் ப்ளீஸ்.

செல்வம் சித்தப்பா: கண்ணு, ஆண் கப்பியின் பெரிய கலர் வாலைப் பார்த்தால் ஃபைட்டருக்கு அது இன்னொரு ஃபைட்டர் மாதிரித் தெரியும். சண்டைக்குப் போய்விடும். அதற்குத் தனி வீடு வேண்டும். கடையில் குட்டிக் கண்ணாடி டம்ளரில் வைத்திருப்பார்களே, அப்படி இல்லை. பதினைந்து இருபது லிட்டர் தொட்டி, மேலே மூடி. முழுப் பரீட்சை முடியட்டும், நானே வாங்கித் தருகிறேன்.

யாழினி: ப்ராமிஸ்?

செல்வம் சித்தப்பா: ப்ராமிஸ்.

பிரபு: எங்கள் வீட்டு நியான் மூன்று வருஷமாக நன்றாக இருக்கிறதே சித்தப்பா. அக்காவுக்கு அதையாவது விடுங்கள்.

செல்வம் சித்தப்பா: உனக்குக் கோவையில் சிறுவாணித் தண்ணீர் வருகிறது பிரபு. உப்பு குறைந்த மென்மையான தண்ணீர். நியான் அமேசான் ஆற்றின் மேல்பகுதியில் இருந்து வந்த மீன். அங்கே மழைக்காட்டு ஓடைத் தண்ணீரில் உப்பே இருக்காது என்று சொல்லலாம். கவிதா, உங்கள் அம்பத்தூர் வீட்டில் போர் தண்ணீர்தானே? பக்கெட் விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதா?

கவிதா: சுரண்டினால்தான் போகிறது. குழாய் வாயெல்லாம் வெள்ளை.

செல்வம் சித்தப்பா: அப்போது நியானை விட்டுவிடு. சென்னை வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரி தாண்டும், அந்தச் சூடும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால் கப்பி, பிளாட்டி, மோலி எல்லாம் கடினமான தண்ணீரில்தான் நன்றாக இருக்கும். நீ குறை சொல்கிற அந்த உப்புத் தண்ணீர் அவற்றுக்கு வரம். ஆர்.ஓ. தண்ணீரைப் பிடித்து ஊற்றிவிடாதே, தாது இல்லாமல் கப்பி சோர்ந்துபோகும்.

மீனாட்சி அத்தை: கடையில் சுறா மாதிரிக் குட்டி மீன் பார்த்தேனே, அதை விடலாமா?

செல்வம் சித்தப்பா: வேண்டவே வேண்டாம் அக்கா. ஷார்க் என்று பெயர் போட்டு விற்பதில் ஒன்று, ஹோட்டலில் பாசா என்று வறுத்துத் தருகிறார்களே, அந்தக் கெளுத்தியின் குஞ்சு. ஒரு மீட்டருக்கு மேல் வளரும். சில்வர் ஷார்க் ஒரு அடி தாண்டும். மீனைப் பார்க்கும்போது இப்போது எத்தனை அங்குலம் என்று பார்க்கக் கூடாது, வளர்ந்தால் எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

பிரபு: சித்தப்பா, இதைச் சொல்லியே ஆக வேண்டும். என் தொட்டியில் இருக்கும் சக்கர் ஒரு அடி ஆகிவிட்டது. செடியெல்லாம் பிடுங்கிப் போடுகிறது. உக்கடம் குளத்தில் விட்டுவிடலாம் என்று இருந்தேன்.

செல்வம் சித்தப்பா: பிரபு, அதை மட்டும் செய்யாதேடா. கெஞ்சிக் கேட்கிறேன். அது தென் அமெரிக்க மீன். உடம்பு முழுக்கக் கவசம், நம் ஊர் மீனும் பறவையும் சுலபமாகத் தின்ன முடியாது. கரையில் வளை தோண்டி முட்டை வைக்கும். நம் கெண்டையும் கெளுத்தியும் மேயும் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். ஏரியில் வலை போடுகிறவர்களைக் கேட்டுப் பார். விற்கவும் முடியாத மீன் வலை நிறைய ஏறி, முள்ளால் வலையைக் கிழித்துவிட்டுப் போகிறது என்று நொந்துபோகிறார்கள். அவர்கள் பிழைப்பு அது.

பிரபு: சரி சித்தப்பா, விட மாட்டேன். என்ன செய்வது?

செல்வம் சித்தப்பா: பொங்கலுக்குக் காரில்தானே வருகிறாய்? கொண்டு வா, என் 5 அடித் தொட்டியில் இடம் இருக்கிறது. முந்தின நாள் சாப்பாடு போடாதே. பாலிதீன் பையில் போட்டால் முள் குத்திக் கிழித்துவிடும். மூடி போட்ட பக்கெட்டில் பாதித் தண்ணீர், பேட்டரி ஏர் பம்ப். போதும்.

கவிதா: அப்படியானால் எனக்கு என்னதான் வாங்குவது?

செல்வம் சித்தப்பா: உன் தொட்டி விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர். மணலும் மேலே இடைவெளியும் போக 45 என்று வை. ஆண் கப்பி 6. பிளாட்டி 3, அதில் ஒன்று ஆண், இரண்டு பெண். பாசிக்குச் சக்கர் வேண்டாம், நெரைட் நத்தை 2. கடினத் தண்ணீரில் ஓடு நன்றாக இருக்கும், அதன் முட்டை கடல் உப்பு கலக்காத தண்ணீரில் பொரிக்காது, பெருகித் தொல்லை தராது. அவ்வளவுதான். பத்து மீன் வந்தாலே தொட்டி நிறைந்துவிடும்.

கவிதா: கப்பியில் ஏன் ஆண் மட்டும்?

செல்வம் சித்தப்பா: பெண் கப்பி ஒரு முறை சேர்ந்தால் பல மாதம் தொடர்ந்து குட்டி போடும். உனக்கு ஆறு மாதத்தில் இடம் இருக்காது. பிளாட்டியும் குட்டி போடும், கொஞ்சம் செடி வைத்தால் ஒன்றிரண்டு தப்பிக்கும், யாழினி பார்க்கட்டும். வயிற்றுக்குக் கீழே பின்பக்கத் துடுப்பு குச்சி மாதிரி இருந்தால் ஆண், விசிறி மாதிரி இருந்தால் பெண். கடையில் நின்று நிதானமாகப் பார்.

இப்போது தண்ணீர். மீன் கழிவில் அமோனியா வரும். அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் மீன் விட்டால் செவுள் சிவந்து மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நாளை நான் என் பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒன்றைத் தொட்டித் தண்ணீரோடே கொண்டுவருகிறேன், அதில் அந்தப் பாக்டீரியா ஏற்கெனவே இருக்கும். உன் ஃபில்டர் பக்கத்தில் ஓடட்டும். அப்படிச் செய்தால் நாள் குறையும். தினம் ஒரு சிட்டிகை மீன் சாப்பாடு போடு, அது அழுகி வரும் அமோனியாதான் பாக்டீரியாவுக்கு உணவு. குழாய்த் தண்ணீரில் ஸ்பாஞ்சைக் கழுவாதே.

மீனாட்சி அத்தை: பொரி போடலாமா? கோயில் குளத்தில் போடுவோமே.

செல்வம் சித்தப்பா: சின்னத் தொட்டிக்குப் பொரி வேண்டாம் அக்கா, தண்ணீர் கெட்டுவிடும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு போதும்.

மூன்று வாரம் கழித்து, ஞாயிறு காலை

கவிதா: (படம்) சித்தப்பா, தண்ணீரில் அமோனியா பார்க்கிற டெஸ்ட் சொட்டு இரண்டு நாளாக மஞ்சளாகவே இருக்கிறது. அமோனியா பூஜ்யம். நைட்ரைட்டும் இல்லை. மூன்று பிளாட்டி மட்டும் வாங்கி வந்தோம். பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீர் சேர்த்து விட்டோம்.

செல்வம் சித்தப்பா: ரொம்ப நல்லது. கப்பி பத்து நாள் கழித்து. நடுவில் இரண்டு முறை டெஸ்ட் எடு.

யாழினி: சின்னத் தாத்தா, ஒரு சிவப்பு பிளாட்டி நேற்றிலிருந்து ஃபில்டர் பின்னாலேயே இருக்கிறது. சாப்பிட வரவில்லை. பயமா?

செல்வம் சித்தப்பா: புது இடம் கண்ணு. லைட்டை இன்று முழுக்க அணைத்து வை. கண்ணாடியைத் தட்டாதே.

மாலை 6:40

யாழினி: வந்துவிட்டது! மணலைக் கொத்திக் கொத்திப் பார்க்கிறது. அதன் பின்பக்கத் துடுப்பு விசிறி மாதிரிதான் இருக்கிறது தாத்தா.